கடைசி இடத்துக்கு ஒரு கெட்டில்

1

போன புதன்கிழமையோடு நான் ஆஸ்திரேலியாவுக்கு வந்து பதின்மூன்று வருஷம் முடிந்தது. அன்றைக்கு ஒரு போட்டியில் கடைசியாக வரப் பார்த்தேன். அந்தப் பாழாய்ப்போன காரியம்கூட எனக்குக் கைகூடவில்லை. அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். மூன்று நாளாக உட்காருவதும் எழுந்திருப்பதுமாக இருக்கிறேன், ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை.

போட்டி என்றால் கோல்ஃப் போட்டி. ராயபுரத்தில் இதை வாசிக்கிறவர்கள் சிரிப்பது எனக்குக் கேட்கிறது. சிரியுங்கள், தப்பில்லை. துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய அந்தோணியின் மகள், மாதா கோயில் சந்தில் கேரம் ஆடி வளர்ந்தவள், தலையில் தொப்பியும் ஒரு கையில் மட்டும் கையுறையுமாகப் புல்வெளியில் நடக்கிறாள் என்றால் எனக்கே சிரிப்புதான். சர்க்கரை வந்தது. டாக்டர் நடக்கச் சொன்னார். சும்மா நடந்தால் வேலைவெட்டி இல்லாதவள் மாதிரி இருந்தது, அதனால் ஒரு பந்தைத் தட்டிக்கொண்டே நடந்தேன். அவ்வளவுதான் கதை. ஐந்து வருஷமாகிறது.

நான் இருப்பது நிலக்கரி ஏற்றுகிற ஒரு துறைமுக ஊர். என் கணவருக்கு அங்கேதான் வேலை. இங்கே ஏற்றுகிற கரி எண்ணூரில் போய் இறங்கும் என்று அவர் சொல்வார், உண்மையோ பொய்யோ. கோல்ஃப் மைதானத்தில் ஏழாவது குழிக்குப் போக ஒரு மேடு ஏற வேண்டும். ஏறினால் கிரேன்கள் தெரியும். ஒவ்வொரு புதன்கிழமையும், பெண்கள் ஆட்டத்தன்று, அங்கே நிற்கும்போது எந்த ஊரில் இருக்கிறோம் என்று ஒரு நிமிஷம் குழம்பிப்போகும். லாரி ஹாரனும் கருவாட்டு வாடையும் இல்லையே என்று பிறகுதான் உறைக்கும்.

கிளப்பில் சேரும்போது படிவத்தில் குடும்பப் பெயர் கேட்டார்கள். பாஸ்போர்ட்டில் இருப்பதுதான் செல்லும் என்றார்கள். அதில் இருப்பது அப்பா பெயர். ஆகவே புதன்தோறும் ஒலிபெருக்கியில், "அந்தோணி, முதல் குழிக்கு வரவும்," என்று கூப்பிடுகிறார்கள். அப்பா இறந்து பத்து வருஷமாகிறது. உயிரோடு இருந்தபோது மனுஷனை ஒருத்தரும் இவ்வளவு மரியாதையாகக் கூப்பிட்டதில்லை. மாற்றித் தரச் சொல்லி மூன்று மின்னஞ்சல் அனுப்பினேன். மூன்றுக்கும் 'அன்புள்ள அந்தோணி' என்றே பதில் வந்தது. போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

2

எனக்கு ஒரே அக்கா, பிலோமினா. வண்ணாரப்பேட்டையில் தையல் கடை வைத்திருக்கிறாள். வீடு இன்னும் ராயபுரத்தில் அதே சந்தில்தான். நாங்கள் வளர்ந்த காலத்தில் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் அந்தச் சந்தில் பெண்களுக்கென்று ஒரு கேரம் போர்டு போடுவார்கள். ஆட்டம் பாதி, வாய் பாதி. நீங்கள் ஸ்ட்ரைக்கரில் விரலை வைத்ததும் எதிரே இருக்கிறவள் உங்களைக் கலாய்க்க வேண்டும். கலாய்க்காவிட்டால் உங்களை ஒரு ஆளாகவே மதிக்கவில்லை என்று அர்த்தம்.

"இன்னாடி ஸ்டெல்லா, கை இப்டி ஒதறுது? காத்தால கஞ்சி குட்ச்சியா இல்லியா?" என்பாள் அக்கா.

"குட்ச்சேன்க்கா. நீ வச்ச கஞ்சிதான? அதான் ஒதறுது," என்று சொல்லிக்கொண்டே காயைக் குழியில் தள்ளுவேன்.

சுற்றி நிற்கிற கூட்டம் கொல்லென்று சிரிக்கும். காய் விழுந்ததைவிட அந்தச் சிரிப்புதான் எனக்குப் பெரிது. இன்னொரு விஷயம்: சீண்டச் சீண்ட என் கை நிலைக்கும். யாரும் சீண்டாத நாளில் தோற்றுப்போவேன். அக்காவுக்கு இது தெரியும். முக்கியமான ஆட்டம் என்றால் வாயைத் தைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள், பாவி.

இங்கே என் முதல் புதன்கிழமை. ஒரு அம்மாள் பந்தை அடிக்கக் குனிந்தார். ஊர்ப் பழக்கத்தில் நான், "பார்த்து, பந்து பயப்படுது," என்றேன். ஆங்கிலத்தில்தான் சொன்னேன். நான்கு தலைகள் திரும்பின. சாவு வீட்டில் விசிலடித்தவளைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள். ஒருத்தர் அடிக்கும்போது மற்றவர் மூச்சுகூட விடக் கூடாதாம். காப்டன் ஜூடித் என்னைத் தனியே அழைத்துப்போய் மிக அன்பாக விளக்கினார். திட்டியிருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பேன். அன்பாகச் சொன்னதால் வாயை மூடிக்கொண்டேன்.

ஆட்டம் முடிந்து டீ குடிக்கும்போது பேசலாம். அங்கே அவர்கள் ஒருவரையொருவர் கிழிகிழியென்று கிழிப்பார்கள். ஆனால் அதற்குள் நுழைய எனக்கு இடம் கிடைப்பதில்லை. பதிலை மனசுக்குள் தமிழில் பிடித்து, ஆங்கிலத்தில் கோத்து, வாய்வரைக்கும் கொண்டுவருவதற்குள் பேச்சு நாலு தெரு தாண்டிப் போயிருக்கும். தப்பித்தவறிச் சொல்லிவிட்டாலோ, "சாரி, என்ன சொன்னீங்க?" என்பார்கள். ஒரு ஜோக்கை இரண்டாவது தடவை சொல்வது ஆறிப்போன டீயைச் சூடு பண்ணிக் கொடுக்கிற மாதிரி. மரியாதைக்குக் குடிப்பார்கள்.

ஐந்து வருஷத்தில் எனக்குக் கிடைத்த பெயர், 'ரொம்ப அமைதியானவள், இனிமையானவள்.' சமோசா கொண்டுவருகிறவள் என்றும் ஒரு பெயர் உண்டு. நான் பிறந்த வீட்டில் மீன் வறுத்தோமே தவிர ஒருநாளும் சமோசா செய்ததில்லை. கடையில் உறைந்த பாக்கெட்டை வாங்கிப் பொரித்துக் கொண்டுபோகிறேன். 'வாயாடி ஸ்டெல்லா' என்று மட்டும் எழுதிப் போட்டால் ராயபுரத்து போஸ்ட்மேன் வீட்டில் கொண்டுவந்து கொடுப்பார். அவள் இங்கே சமோசாத் தட்டைப் பிடித்துக்கொண்டு புன்னகைத்து நின்றாள். எனக்கு எரிச்சலாக வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

3

என் மகள் ஜெனிக்குப் பதினேழு வயது. நாலு வயதில் இங்கே வந்தவள். நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள், அதுவும் ஒன்றிரண்டு சொல்தான். ஒன்பது வயதுவரை சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் போனாள். ஒருநாள் இறங்க மாட்டேன் என்று காரிலேயே உட்கார்ந்துவிட்டாள். அன்றோடு அந்தப் பேச்சை வீட்டில் முடித்துக்கொண்டோம்.

அந்த நாட்களில் நான் ஒரு காரியம் செய்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். அக்காவிடம் போனில், "குழந்தைகிட்ட கொஞ்சம் நல்ல தமிழ்ல பேசுக்கா, அப்பதான் சரியா கத்துக்கும்," என்றேன்.

அந்தப் பக்கம் தையல் மிஷின் நின்றது.

"இன்னாது, நல்ல தமிளா? அப்போ நம்ம அம்மா பேசிகினு இருந்தது இன்னா, கெட்ட தமிளா? நாலு வர்சம் வெளிநாட்ல குந்திகினா நாக்குல கிரீடம் வச்சிடுவாங்களா?"

நான் என்னென்னவோ சமாதானம் சொன்னேன். எதுவும் எடுபடவில்லை. அதன் பிறகு அவள் ஜெனியோடு பேசுவதையே விட்டுவிட்டாள். "உம் பொண்ணு காதுல எங் கலீஜ் தமிளு வேணாம்மா," என்பாள். எனக்கு மட்டும் தினமும் வாட்ஸப்பில் குரல் அனுப்புவாள். கன்டெய்னர் லாரிகளுக்கு மேல் கத்திப் பேசிப் பழகிய குரல். போனை எங்கே வைத்தாலும் வீடு முழுக்கக் கேட்கும். ஜெனி காதில் எதையாவது மாட்டிக்கொண்டு எங்களைக் கடந்துபோவாள்.

இந்த வருஷம் ஜெனி கார் ஓட்டப் பழகுகிறாள். லைசென்ஸ் வாங்க, பழகுகிற பிள்ளைகள் ஓட்டிய நேரத்தையெல்லாம் ஒரு புத்தகத்தில் எழுதி, பக்கத்தில் உட்கார்ந்த பெரியவர் கையெழுத்துப் போட வேண்டும். என் கையெழுத்து ஒரு பக்கத்தில் கொஞ்சம் கோணிப்போனதென்று அந்தப் பக்கத்தையே திருப்பி அனுப்பினார்கள். எப்படியோ, அந்தப் புத்தகத்தின் தயவில் மகளோடு தினமும் ஒரு மணி நேரம் உட்காரக் கிடைத்தது. பேச ஒன்றும் இல்லை. அக்காவின் குரலைக் கார் ஸ்பீக்கரில் போட்டுவிடுவேன்.

இந்த மாதம் அங்கே மழை. "தெருல முட்டிக்கால் தண்ணி. உங்க மாமா கட்டில் மேல ஏறி குந்திகினு டீ கேக்குறாரு. நான் இன்னா படகுலயா எட்த்துனு வர்றது? நீச்சல் அட்ச்சி வந்து குடிய்யான்னேன்." நான் வாய்விட்டுச் சிரித்தேன். ஜெனி சாலையைப் பார்த்தபடி இருந்தாள். அவள் தோள் மட்டும் குலுங்கியது.

"என்ன, இருமலா?" என்றேன்.

"ம்," என்றாள்.

4

இனி கெட்டில் கதை. டிசம்பரில் கிளப்பின் பெண்களுக்கு ஆண்டு இறுதிப் போட்டி. முதலில் வருகிறவளுக்கு ஒரு வெள்ளிக் கோப்பை. அதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. கடைசியாக வருகிறவளுக்கு ஒரு கெட்டில். அடி கருகி, மூக்கு நசுங்கி, கைப்பிடியில் கயிறு சுற்றியது. அதை வாங்குகிறவள் மதியச் சாப்பாட்டில் எழுந்து நின்று, ஏன் தோற்றேன் என்று ஐந்து நிமிஷம் பேச வேண்டும். நாற்பது பெண்கள் கண்ணில் நீர் வரச் சிரிப்பார்கள். அந்த ஐந்து நிமிஷம் யாரும் குறுக்கே பேசக் கூடாது என்பது வழக்கம்.

மூன்று வருஷமாகக் கெட்டில் பெரிலிடம் இருந்தது. எழுபத்து நாலு வயது, முப்பது வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். அந்தோணி என்ற பெயரைச் சுருக்கி என்னை டோனி என்பாள்.

எனக்கு அந்தக் கெட்டில் வேண்டும். வேறெந்தக் கோப்பைக்கும் நான் இப்படி ஏங்கியதில்லை. யாரும் குறுக்கிடாத ஐந்து நிமிஷம்! இந்த ஊரில் ஒரே ஒரு ஆளாவது, ஸ்டெல்லா சிரிக்கவைக்கத் தெரிந்தவள் என்று அறிந்துகொள்ள வேண்டும். இல்லாவிட்டால் எனக்கே சந்தேகம் வர ஆரம்பித்திருந்தது.

மூன்று மாதம் பேச்சைத் தயார் பண்ணினேன். மருந்துக்கடையில் பகுதி நேர வேலை பார்க்கிறேன், அங்கே சரக்கு அறையில் இருமல் மருந்துப் பெட்டிகளுக்கு முன்னால் நின்று ஒத்திகை. அக்காவுக்குப் போனில் படித்தும் காட்டினேன்.

"நல்லாத்தான் கீது," என்று இழுத்தாள். "ஆனா நீ பேசுற மாரி இல்லியே. ஃபாதர் பூசைல அறிக்கை வாசிக்கிற மாரி கீது. சரி, இன்னாத்துக்குடி தோக்கணும்ன்ற? தோக்கறதுக்கா பிளேன் ஏறி அங்க போன?"

வேண்டுமென்றே தோற்கக் கூடாது என்பது விதி. நான் வேண்டுமென்று ஒன்றும் செய்யவில்லை. மூன்று மாதம் பயிற்சிக்குப் போகாமல் இருந்தேன், அவ்வளவே.

5

புதன்கிழமை காலை. என்னையும் பெரிலையும் ஒரே ஜோடியாகப் போட்டிருந்தார்கள். கோல்ஃபில் என் அடிகளை அவள் எண்ணி எழுதுவாள், அவளுடையதை நான் எழுத வேண்டும். அடி கூடக் கூடத் தோல்வி. இருவருமே அன்றைக்குப் படுமோசம். ஐந்தாவது குழியில் அவள் அடித்த பந்து உருண்டுபோய்க் குட்டையில் விழுந்தது. ஆறாவதில் என் பந்து மரத்தில் பட்டு என் காலடிக்கே திரும்பி வந்தது. எங்களுக்கு முன்னால் போன எல்லோரும் எங்களைவிட நன்றாகத்தான் ஆடியிருந்தார்கள். கடைசி இடம் எங்கள் இரண்டு பேரில் ஒருவருக்கு.

கடைசிக் குழிக்கு வந்தபோது இருவர் கணக்கும் சமம். பெரில் எட்டு அடியில் முடித்தாள். நான் ஆறு அடித்துவிட்டேன். பந்து குழியிலிருந்து பன்னிரண்டு அடி தூரத்தில் கிடந்தது. அந்தத் தூரத்துக்கு நான் எப்போதும் மூன்று தட்டு தட்டுகிறவள். வழக்கம்போலத் தட்டினால் ஒன்பது. கெட்டில் என் கைக்கு வந்துவிடும். யாரும் ஒரு வார்த்தை சொல்ல முடியாது. கிளப் கட்டடத்தின் ஜன்னலில் ஜெனி சாய்ந்து நிற்பது தெரிந்தது. விடுமுறை என்பதால் அவள்தான் காரை ஓட்டிவந்திருந்தாள்.

குனிந்தேன். மட்டையைப் பந்துக்குப் பின்னால் வைத்தேன்.

அப்போது பெரில் செய்யக் கூடாத காரியத்தைச் செய்தாள். நான் அடிக்கப்போகும் நேரத்தில் வாயைத் திறந்தாள். மிக மெதுவாக, குழியிலிருந்து எடுத்த கொடியைப் பிடித்த கையை அசைக்காமல், "உன்னால முடியாது, டோனி," என்றாள்.

என்னத்தைச் சொல்ல! ஐந்து வருஷமாக இந்த மைதானத்தில் ஒருத்திகூட என்னைச் சீண்டியதில்லை. மணிக்கட்டு தானாக நிலைத்தது. பூசை முடிந்த ஞாயிற்றுக்கிழமையும் கூட்டமும் அக்கா முகமும் எதிரே வந்தன. "முடியாதா? யார்கிட்ட?" என்று மனசு சொல்லி முடிப்பதற்குள் கை தட்டிவிட்டது. பந்து நேராகப் போய், குழியின் விளிம்பைக்கூடத் தொடாமல், டொக்கென்று விழுந்தது.

ஏழு. கெட்டில் போயிற்று.

பெரில் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினாள். "முப்பது வருஷம் பிள்ளைகளை பஸ்ல ஏத்தியிருக்கேன், டோனி. வயித்துவலின்னு நடிக்கிற முகம் எனக்குத் தெரியும். நீ மூணு மாசமா நடிக்கிற. கெட்டில் என்னோடது," என்றாள்.

எனக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது. இவள் தண்டையார்பேட்டையில் பிறந்திருக்க வேண்டியவள் என்றும் தோன்றியது. தயார் பண்ணிய பேச்சு நாலாக மடித்து என் பையில் இருந்தது. அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே சாப்பிடப் போனேன்.

6

சாப்பாட்டுக் கூடத்தில் நாற்பது பேர். ஜெனிக்குக் கதவோரம் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். மடியில் போனை வைத்துக்கொண்டிருந்தாள். பெரில் கெட்டிலைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள்.

நன்றாகத்தான் பேசினாள். என்னையும் இழுத்தாள். "கடைசி இடத்துக்குக் கடுமையான போட்டி. டோனி முழு முயற்சி எடுத்தாள். பாவம், இந்தக் கிளப்பிலேயே அமைதியான பெண். ஐந்து வருஷத்தில் பத்து வார்த்தை பேசியிருப்பாளா?"

எல்லோரும் அன்பாக என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். சமோசாவைப் பார்க்கிற அதே பார்வை. என் கழுத்தெல்லாம் சூடேறியது. நாற்காலியில் உட்கார முடியவில்லை.

பெரில் தொடர்ந்தாள். "என் ஆட்டத்தில் குறையே இல்லை. ஐந்தாவது குழியில் பந்து குட்டையில் விழுந்ததே, அதற்குக் காற்றுதான் காரணம்."

யோசிக்கவில்லை. ஆங்கிலத்தில் கோக்கவில்லை. எழுந்தே நின்றுவிட்டேன் என்று பிறகுதான் தெரிந்தது. ராயபுரத்துச் சந்துக்குக் கேட்கிற குரலில்,

"அட, காத்து மேல இன்னாத்துக்கும்மா பழி போடுற? நீ அட்ச்ச அடிக்குப் பந்து நவுந்துதே பெர்சு! காத்துதான் ஐயோ பாவம்னு கொஞ்சம் தள்ளிவுட்டுது!"

முள்கரண்டிகள் நின்ற இடத்தில் நின்றன. குறுக்கே பேசக் கூடாத ஐந்து நிமிஷம் அது. பேசியதும் யாருக்கும் புரியாத மொழி. ஜூடித்தின் முகத்தில் அந்த அன்பான விளக்கம் தயாராவதைப் பார்த்தேன். பூமி பிளந்தால் இறங்கிவிடலாம் என்றிருந்தது. பதின்மூன்று வருஷத்துக் கடைசியில் இதுதான் மிச்சமா?

அப்போது கதவோரத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. மூக்கு வழியாகப் பீறிட்டு வருகிற சிரிப்பு. பிலோமினா அக்கா அப்படித்தான் சிரிப்பாள். குமட்டில் குத்தினால்கூட அடக்க மாட்டாள். ஒரு கணம் அக்காதான் வந்துவிட்டாளோ என்று திரும்பினேன்.

ஜெனி. போன் கீழே விழுந்து கிடந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, நாற்காலியிலிருந்து பாதி சரிந்திருந்தாள்.

"என்ன சொன்னாங்க? என்ன சொன்னாங்க?" என்று எல்லோரும் அவளைக் கேட்டார்கள். அவள் துண்டுதுண்டாக, மூச்சு வாங்க, ஆங்கிலத்தில் சொன்னாள். காற்றுக்குப் பாவமாக இருந்ததாம், தள்ளிவிட்டதாம். முதலில் பெரில்தான் சிரித்தாள். கெட்டிலைக் கரண்டியால் தட்டிக்கொண்டு சிரித்தாள். பிறகு கூடமே சிரித்தது. யாரோ என் முதுகில் அடித்தார்கள். "டோனி, இத்தனை நாள் எங்கே ஒளிச்சு வச்சிருந்தே?" என்றார்கள். நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். அவர்கள் சொன்னது ஒன்றும் சரியாக ஏறவில்லை. நான் ஜெனியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மொழிபெயர்ப்புக்கு முன்னால் சிரித்தவள் அவள் ஒருத்திதான்.

7

திரும்பும்போது ஜெனிதான் ஓட்டினாள். புறப்பட்ட நேரத்தைப் புத்தகத்தில் எழுதினேன். எழுத்து கோணிப்போனது, இதையும் திருப்பி அனுப்புவார்கள். கிரேன்கள் ஜன்னலில் வந்து போயின.

"உனக்கு எப்படிடா புரிஞ்சுது?" என்றேன்.

அவள் சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எட்டு வருஷம் கழித்து என் மகள் என்னிடம் தமிழில் பேசினாள். உச்சரிப்பு ஆஸ்திரேலியா. சொல் ஒவ்வொன்றும் ராயபுரம்.

"பெரிம்மா டெய்லி பேசிகினுதான கீறாங்க? நான் இன்னா செவுடா?"

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். நல்ல தமிழ் வேண்டும் என்று நான் யாருடைய வாயை அடைத்தேனோ, அவளுடைய தமிழ்தான் இந்தப் பிள்ளைக்கு ஒட்டியிருக்கிறது. வகுப்பில் போட்டது எதுவும் நிற்கவில்லை. அக்காவிடம் இதை எப்படிச் சொல்வேன், எந்த முகத்தோடு மன்னிப்புக் கேட்பேன் என்று அப்போதிலிருந்து தவிக்கிறேன். இதை எழுதி முடித்ததும் கூப்பிட வேண்டும். ஜெனியைத்தான் பேசவைக்கப் போகிறேன்.

சிவப்பு விளக்கில் வண்டி நின்றது. ஜெனி உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "அம்மா, அந்தக் காத்து மேட்டரு... இன்னொரு தபா சொல்லு," என்றாள்.

சொன்னேன். முதல் தடவை சிரித்ததைவிட அதிகமாகச் சிரித்தாள். விளக்கு பச்சையாகி, பின்னால் ஒருத்தன் ஹாரன் அடிக்க ஆரம்பித்தான்.

"ரோட்டப் பாத்து ஓட்டுடி," என்றேன்.